‘அண்ட்’ வந்தால் ‘ஆர்’ தானா?

நமது அறக்கட்டளை நடத்தும் மாலைநேர ஆங்கில வகுப்பின் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



உங்கள் ஆசிரியை சென்ற வாரம் ஒரு விடைத்தாள் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, “எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், ஒரு நாள் வந்து பேசுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் தாள்களையும் பார்த்தேன். இரண்டு பெயர்ச்சொற்கள் ‘அண்ட்’ போட்டு வருகிற இடத்தில் வினைச்சொல்லை ஒருமையில் எழுதுவதா, பன்மையில் எழுதுவதா என்பதுதான் அந்த இடம். பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘இஸ்’ போட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘ஆர்’ போட்டிருக்கிறீர்கள். ‘ஆர்’ போட்ட ஒரு மாணவரிடம் காரணம் கேட்டேன். “சார், ‘அண்ட்’ வந்தால் ‘ஆர்’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்” என்றார்.

அது தவறான பாடம் இல்லை. பத்தில் எட்டு இடங்களில் அது கை கொடுக்கும். ஆனால் தேர்வுத் தாள் தயாரிப்பவர் மீதி இரண்டு இடங்களில்தான் கேள்வி கேட்பார். தேர்வுக்கு வெளியே, மனு எழுதும்போதும் தீர்மானம் எழுதும்போதும் பத்திரம் எழுதும்போதும் நமக்குச் சிக்கல் வருவதும் அந்த இரண்டு இடங்களில்தான். எனவே வினைச்சொல் ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். மனப்பாடம் பிறகு தானாக வரும்.

முதலில் எல்லாவற்றுக்கும் ‘இஸ்’ போட்டவர்களின் பக்கம் பேசுகிறேன். அவர்கள் சோம்பலால் அப்படி எழுதவில்லை. வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? “பேனாவும் பென்சிலும் மேசையில இருக்கு.” “ரெண்டு ஆடு வந்துச்சு.” ‘இருக்கின்றன’, ‘வந்தன’ என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. மனிதர் என்றால் மட்டும் கணக்குப் பார்ப்போம். “அண்ணனும் தம்பியும் வந்தாங்க” என்போம். பொருளுக்கும் விலங்குக்கும் ஒருமை வினையே போதும் என்று நம் பேச்சு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர், “த பென் அண்ட் த பென்சில் இஸ் ஆன் த டேபிள்” என்று எழுதுவது இயல்பு. ஆங்கிலத்தில் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு வினைச்சொல்லுக்குத் தெரியாது. ஆடு இரண்டானாலும் ஆள் இரண்டானாலும் அதற்குப் பன்மைதான். ஆகவே அங்கே ‘ஆர்’.

இதே பழக்கத்தின் இன்னொரு முகம் ஜோடியாக இருக்கும் பொருட்களில் தெரியும். பள்ளிவாசல் வாசலில் செருப்பு தொலைந்தால் “என் செருப்பைக் காணோம்” என்கிறோம். தமிழில் அது இரண்டு செருப்பையும் குறிக்கும். அதை அப்படியே ஆங்கிலமாக்கி, “மை ஸ்லிப்பர் இஸ் மிஸ்ஸிங்” என்று சொன்னால் கேட்பவர், திருடன் ஒற்றைக் காலனோ என்று யோசிப்பார். “மை ஸ்லிப்பர்ஸ் ஆர் மிஸ்ஸிங்” என்பதே சரி. சிரிக்கிறீர்கள். இதையே மருத்துவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். “கண் எரியுது”, “கால் வீங்கியிருக்கு”, “காது கேக்கல” என்றால் தமிழ் மருத்துவர் ஒன்றா இரண்டா என்று திரும்பக் கேட்டுக்கொள்வார். ஆங்கிலத்தில் “மை லெக் இஸ் ஸ்வாலன்” என்று எழுதினால் ஒரு கால்தான். ஒரு கால் வீங்குவதற்கும் இரண்டு காலும் வீங்குவதற்கும் மருத்துவத்தில் வேறு வேறு காரணங்களைத் தேடுவார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, கால்சட்டை மூன்றும் வேறு வகை. நமக்கு இவை ஒவ்வொன்றும் ஒரே பொருள். ஆங்கிலத்துக்கோ கத்தரிக்கோலில் இரண்டு அலகு, கண்ணாடியில் இரண்டு சில்லு, கால்சட்டையில் இரண்டு கால். எனவே “த சிஸர்ஸ் ஆர் ஷார்ப்”, “மை ஸ்பெக்டகல்ஸ் ஆர் ப்ரோக்கன்”. ஒற்றைச் செருப்பு உண்டு, ஒற்றைக் கையுறை உண்டு. ஒற்றைக் கத்தரிக்கோல் என்று பாதியைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எண்ணிச் சொல்ல வேண்டி வந்தால் ‘எ பேர் ஆஃப்’ என்று ஒரு பிடி போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பிடி வந்ததும் வினை ஒருமைக்கு மாறிவிடும். “எ பேர் ஆஃப் சிஸர்ஸ் இஸ் ஆன் த டேபிள்.” நாம் எண்ணுவது அலகை அல்ல, ஜோடியை. கண் சிகிச்சை முகாம் அறிக்கை எழுதுகிற நம் தன்னார்வலர்கள், ஐம்பது பேருக்குக் கண்ணாடி கொடுத்திருந்தால் “ஃபிஃப்டி பேர்ஸ் ஆஃப் ஸ்பெக்டகல்ஸ் வேர் கிவன்” என்று எழுதட்டும்.

இனி எல்லாவற்றுக்கும் ‘ஆர்’ போட்டவர்களிடம் வருகிறேன்.

“பிரெட் அண்ட் பட்டர்” என்பது எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கும் உதாரணம். நமக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி அவ்வளவு பழக்கமில்லை. பரோட்டா சால்னாவை எடுத்துக்கொள்வோம். “பரோட்டா அண்ட் சால்னா இஸ் மை ஃபேவரிட் டின்னர்.” இங்கே ‘இஸ்’. ஏன்? சொல்கிறவர் மனத்தில் இருப்பது ஒரே தட்டு, ஒரே சாப்பாடு. சால்னா இல்லாத பரோட்டாவை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. அதே மனிதர் கடை வைத்திருக்கிறார், பரோட்டாவை ஒரு அடுப்பிலும் சால்னாவை இன்னொரு அடுப்பிலும் செய்கிறார் என்றால், “பரோட்டா அண்ட் சால்னா ஆர் மேட் ஆன் செப்பரேட் ஸ்டவ்ஸ்.” இப்போது ‘ஆர்’. சொற்கள் மாறவில்லை. பார்க்கிற பார்வை மாறியது, வினை மாறியது.

இது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நினைக்காதீர்கள். தமிழ் இதை நம்மைவிட முன்பே செய்து வைத்திருக்கிறது. போக்கு ஒன்று, வரத்து ஒன்று. இரண்டும் எதிரெதிர்த் திசை. ஆனால் “போக்குவரத்து நின்றது” என்கிறோம், ‘நின்றன’ என்பதில்லை. பேச்சும் வார்த்தையும் சேர்ந்து பேச்சுவார்த்தை ஆகி, “பேச்சுவார்த்தை நடந்தது” என்று ஒன்றாகிவிட்டது. “அவரோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு”, “வரவு செலவு சரியாக இருக்கிறது” என்று சொல்லும்போது இரண்டு சொல்லுக்குள் ஒரே கருத்து. மனிதர் என்று வரும்போது மட்டும் தமிழ் விடாது. கபிலரும் பரணரும் சேர்ந்தால் ‘கபிலபரணர்’ என்று பலர்பாலில்தான் முடிய வேண்டும் என்பது உம்மைத்தொகைக்கு நன்னூல் தரும் விதி. ஆகவே இரண்டு பெயர் சேரும்போது ஒன்றா பலவா என்று கேட்கும் கேள்வி நமக்குப் புதிதில்லை.

சந்தேகம் வந்தால் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் அதைச் சுட்ட வேண்டும் என்றால் ‘இட்’ என்பீர்களா, ‘தெம்’ என்பீர்களா? பரோட்டா சால்னா பிடிக்கும், தினமும் ‘அதை’ச் சாப்பிடுவேன் என்று வந்தால் ‘இஸ்’. வாங்கி ‘அவற்றை’த் தனித்தனியாகப் பொட்டலம் கட்டினேன் என்று வந்தால் ‘ஆர்’. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றாது.

ஏமாற்றும் இடமும் உண்டு. “டைம் அண்ட் டைட்” என்று தொடங்கும் பழமொழி தேர்வுகளில் அடிக்கடி வருகிறது. காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பது பொருள். ‘டைட்’ என்ற சொல்லுக்கு இன்று கடலின் ஏற்றவற்றம் என்று பொருள் சொன்னாலும், பழைய ஆங்கிலத்தில் அதற்கும் காலம், பொழுது என்றே பொருள். ஒரே கருத்தை இரண்டு சொல்லால் சொன்னது. அப்படியானால் நம் கணக்குப்படி ‘வெயிட்ஸ்’ என்று ஒருமையில் வர வேண்டும். ஆனால் பழமொழி ‘வெயிட்’ என்று பன்மையிலேயே நிலைத்துவிட்டது. பழமொழியைத் திருத்த நமக்கு உரிமையில்லை. அப்படியே எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் சில ஜோடிகளில் ஆங்கிலேயரே இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். “டூ அண்ட் டூ இஸ் ஃபோர்” என்பதும் சரி, “டூ அண்ட் டூ ஆர் ஃபோர்” என்பதும் சரி.

ஊர்ப் பெயர்களில் இந்த விதி மிகத் தெளிவாகத் தெரியும். ட்ரினிடாட் ஒரு தீவு, டொபாகோ இன்னொரு தீவு. இரண்டும் சேர்ந்து 1962இல் விடுதலை பெற்ற ஒரே நாடு. எனவே “ட்ரினிடாட் அண்ட் டொபாகோ இஸ் எ கன்ட்ரி.” நம் நாட்டிலேயே இதைவிட நீளமான உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரி 26 முதல் தாத்ரா, நகர் ஹவேலி, டாமன், டையூ நான்கும் ஒரே ஒன்றியப் பிரதேசம். அதன் ஆங்கிலப் பெயரில் மூன்று ‘அண்ட்’ வருகிறது: “தாத்ரா அண்ட் நகர் ஹவேலி அண்ட் டாமன் அண்ட் டையூ”. மூன்று ‘அண்ட்’ வந்தும் வினை ‘இஸ்’தான், ஏனென்றால் பிரதேசம் ஒன்று. டாமனும் டையூவும் தொலைவில் இருக்கின்றன என்று சொல்ல வந்தால் அப்போது ‘ஆர்’. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதில் பொது அறிவு ஒரு மதிப்பெண், இலக்கணம் ஒரு மதிப்பெண்.

இலக்கணம் என்றாலே நம் தலைமுறை கையில் எடுத்த புத்தகம் ‘ரென் அண்ட் மார்ட்டின்’. அந்தப் பெயரே நம் பாடத்துக்கு உதாரணம். “ரென் அண்ட் மார்ட்டின் இஸ் ஆன் த ஷெல்ஃப்” என்றால் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. “ரென் அண்ட் மார்ட்டின் ஆர் ஆன் த ஷெல்ஃப்” என்றால் இரண்டு ஆசிரியர்களும் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, அதை நீங்கள் பயன்படுத்துவதில்லை. நஹ்வுப் பாடத்தில் வாஹித், தஸ்னியா, ஜம்உ என்று மூன்று எண்களைப் படித்திருக்கிறீர்கள். ஒருமை, இருமை, பன்மை. இரண்டு என்பதற்கே தனி வடிவம் வைத்திருக்கும் மொழி அரபி. வாலிதைன் என்றால் பெற்றோர் இருவர், ஹரமைன் என்றால் இரண்டு ஹரம்கள், ஈதைன் என்றால் இரண்டு பெருநாட்கள். இன்னும் நுட்பம் பாருங்கள். அபவைன் என்றால் சொல்லுக்குச் சொல் ‘இரண்டு தந்தையர்’. பொருளோ தாயும் தந்தையும். கமரைன் என்றால் ‘இரண்டு நிலவுகள்’. பொருளோ சூரியனும் சந்திரனும். ஹஸனைன் என்று நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அது ஹஸன், ஹுஸைன் இருவரையும் ஒரே சொல்லில் கட்டியது. வேறு வேறான இருவரை ஒருவர் பெயரால் ஜோடியாக்கும் இந்த முறைக்குத் தக்லீப் என்று பெயர்.

வினை விஷயத்திலும் உங்களுக்குத் தெரிந்த விதி ஒன்று உதவும். ஜாஅ ரஜுலுன், ஜாஅ ரஜுலானி, ஜாஅ ரிஜாலுன். ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், பலர் வந்தார்கள். வினை முன்னால் நிற்பதால் மூன்றிலும் அது ஒருமையிலேயே நிற்கிறது. எழுவாய் முன்னால் வந்துவிட்டால் அப்படி விடமாட்டார்கள். அர்ரஜுலானி ஜாஆ என்று வினையும் இருமைக்கு மாற வேண்டும். எல்லா நஹ்வுப் புத்தகத்திலும் ஓயாமல் வந்து போகிற ஸைதும் அம்ரும் சேர்ந்து வந்தாலும் இதே சட்டம்தான். யார் வந்தார்கள் என்று தெரிவதற்கு முன்னால் வினை கணக்குச் சொல்வதில்லை, தெரிந்த பிறகு சரியாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பேச்சில் ‘தேர் இஸ்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் இதன் சாயலைப் பார்க்கலாம். “தேர் இஸ் எ மாஸ்க் அண்ட் டூ ஸ்கூல்ஸ் இன் அவர் ஸ்ட்ரீட்” என்று பேச்சில் சொல்வார்கள், ஏனென்றால் வினைக்கு அடுத்து வருவது ஒற்றைப் பள்ளிவாசல். தேர்வில் மட்டும் கவனமாக இருங்கள், கண்டிப்பான ஆசிரியர் ‘தேர் ஆர்’ என்றுதான் எதிர்பார்ப்பார்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இருமை இருந்தது. ‘நாமிருவர்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘விட்’ என்று தனிச்சொல் உண்டு. அது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்தது. ஆனால் ‘போத்’, ‘ஈதர்’, ‘நீதர்’ மூன்றும் இன்றும் இரண்டு பேருக்கு நடுவில்தான் வேலை செய்கின்றன. இருவரில் யாராவது ஒருவர் என்றால் ‘ஈதர்’. ஆகவே “ஈதர் ஆஃப் த டூ பிரதர்ஸ் இஸ் கமிங்” என்று ஒருமை. வருவது ஒருவர்தானே. ‘ஈதர்–ஆர்’, ‘நீதர்–நார்’ என்று இரண்டு பெயரை இணைத்தால், வினைக்கு அருகில் நிற்கும் பெயரைப் பார்த்து வினை எழுத வேண்டும். “நீதர் த பிரசிடெண்ட் நார் த மெம்பர்ஸ் ஆர் ஹியர்.” பன்மைப் பெயரைக் கடைசியில் வைத்துவிட்டால் காதுக்கும் நன்றாக இருக்கும், கைக்கும் தவறு வராது.

‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’ என்பவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். தமிழில் “தம்பி நண்பர்களோடு வருகிறான்” என்கிறோம். நண்பர்கள் பத்துப் பேர் வந்தாலும் ‘வருகிறார்கள்’ என்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: “மை பிரதர், அலாங் வித் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ், இஸ் கமிங்.” ‘ஈச்’, ‘எவ்ரி’ என்ற சொற்களுக்குத் தமிழ் உதவாது, தனியாக நினைவில் வையுங்கள். “எவ்ரி பாய் அண்ட் கேர்ள் ஹாஸ் எ புக்.” நடுவில் ‘அண்ட்’ இருந்தாலும் ஒருமை. ஒவ்வொருவராக நிறுத்தி எண்ணுவதால் எப்போதும் கணக்கில் ஒருவர்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பெற்றோர்களும் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற பெரியவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

தந்தையை இழந்த ஒரு மாணவிக்குச் சிறிய தந்தைதான் பாதுகாவலர். அந்தப் பிள்ளை வெளியூர் நிறுவனம் ஒன்றின் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தாள். நல்ல மதிப்பெண், நல்ல கையெழுத்து. கடிதத்தில் ஒரு வாக்கியம்: “மை அங்கிள் அண்ட் மை கார்டியன் ஹேவ் சைன்ட் பிலோ.” கீழே ஒரே ஒரு கையொப்பம். விண்ணப்பம் திரும்பி வந்தது. இன்னொருவர் கையொப்பம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எழுதியிருந்ததைப் படித்தவர் யாராக இருந்தாலும் சித்தப்பா ஒருவர், பாதுகாவலர் வேறொருவர் என்றுதான் கொள்வார். “மை அங்கிள் அண்ட் கார்டியன் ஹாஸ் சைன்ட் பிலோ” என்று எழுதியிருந்தால் போதும். இரண்டாவது ‘மை’யை எடுத்துவிட வேண்டும், ‘ஹேவ்’ இருந்த இடத்தில் ‘ஹாஸ்’ வர வேண்டும். விளக்கக் கடிதம் எழுதி அனுப்பி, கடைசித் தேதிக்கு முன்பே சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடையில் அந்தக் குடும்பம் பட்ட கவலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தமிழில் இந்தக் குழப்பம் எளிதில் வராது. “செயலாளரும் பொருளாளருமான இன்னார்” என்றால் ஒருவர். “செயலாளரும் பொருளாளரும்” என்றால் இருவர். ‘ஆன’ என்ற ஒரு சிறு சொல் காவல் காக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவல் வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் ‘த’ என்ற சுட்டு. “த செக்ரட்டரி அண்ட் ட்ரஷரர்” என்று ஒரே ஒரு ‘த’ வந்தால் பெரும்பாலும் ஒரே ஆள், இரண்டு பொறுப்பு. “த செக்ரட்டரி அண்ட் த ட்ரஷரர்” என்று இரண்டு முறை வந்தால் இரண்டு ஆள். இரண்டாவது காவலர் வினைச்சொல். ‘ஹாஸ் சைன்ட்’ என்றால் ஒருவர் கையொப்பமிட்டார், ‘ஹேவ் சைன்ட்’ என்றால் இருவர். சுட்டில் சந்தேகம் இருந்தாலும் வினை சாட்சி சொல்லிவிடும். நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்பீர்கள். ‘மாடு’ என்ற பெயரைப் பார்த்து ஒன்றா பலவா என்று சொல்ல முடியாது. ‘வந்தது’, ‘வந்தன’ என்ற வினைதான் சொல்லும். அதே வேலைதான் இது.

குர்பானிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். “எ பிளாக் அண்ட் வைட் கோட் வாஸ் பாட்” என்றால் கருப்பும் வெள்ளையும் கலந்த ஓர் ஆடு. “எ பிளாக் அண்ட் எ வைட் கோட் வேர் பாட்” என்றால் கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, ஆக இரண்டு ஆடு. தணிக்கையாளர் ரசீதைப் பார்க்கும்போது ஓர் ஆட்டின் விலை இந்த ‘எ’யில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, வினை சாட்சி சொல்லும் என்றேன். அந்தச் சாட்சி வாயைத் திறக்காத இடங்கள் இருக்கின்றன. ‘சைன்ட்’ என்று இறந்தகாலத்தில் எழுதினால் ஒருவருக்கும் அதே சொல், இருவருக்கும் அதே சொல். இறந்தகாலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டு மட்டுமே எண்ணைக் காட்டும். ‘வில்’, ‘ஷால்’, ‘மே’, ‘மஸ்ட்’ போட்டால் எந்த அடையாளமும் இல்லை. மாணவர்களுக்கு இது நிம்மதி, தவறு செய்ய இடமில்லை. ஆனால் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது ஆபத்து. ஏனென்றால் விதிமுறைகள் எல்லாம் ‘ஷால்’ போட்டுத்தான் எழுதப்படுகின்றன.

“த செக்ரட்டரி அண்ட் ட்ரஷரர் ஷால் ஆபரேட் த பேங்க் அக்கவுண்ட்.” இப்படி ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதவியும் ஒருவரிடம் இருக்கும்வரை யாருக்கும் கேள்வி எழாது. அடுத்த பொதுக்குழுவில் இரண்டு பதவிக்கும் இரண்டு பேர் வந்துவிட்டால்? காசோலையில் ஒருவர் கையொப்பம் போதுமா, இருவரும் போட வேண்டுமா? ‘ஷால்’ பதில் சொல்லாது. ‘த’ ஒரு முறை வந்திருக்கிறது என்று ஒருவர் வாதாடுவார். எழுதியவருக்கு அவ்வளவு இலக்கணம் தெரியாது என்று இன்னொருவர் வாதாடுவார். நாடாளுமன்றச் சட்டங்களைப் படிப்பதற்கு 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு, இடத்துக்குப் பொருந்தாமல் போனால் தவிர, ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் உள்ளடக்கும் என்கிறது. அது மத்தியச் சட்டங்களுக்கு வைத்த ஏற்பாடு. நாமே எழுதிக்கொள்கிற பத்திரத்துக்கு நாம்தான் தெளிவு சேர்க்க வேண்டும்.

வங்கிக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் வினைச்சொல்லை நம்புவதே இல்லை. கணக்குத் தொடங்கும் படிவத்தில் ‘ஜாயின்ட்லி’ என்று ஒரு கட்டம் வைக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று ஒரு கட்டம். இருவரில் யாராவது ஒருவர் போதும், ஒருவர் மறைந்தால் இருப்பவர் நடத்தலாம். பழைய இருமையின் மிச்சமான அந்த ‘ஈதர்’ இன்று எத்தனையோ கணவன் மனைவியின் சேமிப்புக்குச் சாவியாக இருக்கிறது. படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று வீட்டுக்குப் போய் ஒரு முறை பாருங்கள், தாய்மார்கள் அவசியம் பாருங்கள்.

நிர்வாகிகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இருவர் என்றால் “த செக்ரட்டரி அண்ட் த ட்ரஷரர் ஷால் ஜாயின்ட்லி சைன்” என்று எழுதுங்கள். யாராவது ஒருவர் போதும் என்றால் “ஈதர் த செக்ரட்டரி ஆர் த ட்ரஷரர் மே சைன்” என்று எழுதுங்கள். ஒரே ஆள் இரண்டு பதவி வகிக்கிறார் என்றால் “த பர்சன் ஹோல்டிங் போத் ஆஃபீசஸ்” என்று உடைத்து எழுதுங்கள். வாக்கியம் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முடிந்தால் தமிழிலேயே எழுதி, ஆங்கிலத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டில் எது மூலம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நாளை வரும்போது ஆளுக்கு ஒரு ஜோடி கொண்டு வாருங்கள். புத்தகத்தில் இருந்து வேண்டாம், வீட்டில் இருந்தும் கடைத்தெருவில் இருந்தும் எடுங்கள். அதே ஜோடியை ஒரு வாக்கியத்தில் ‘இஸ்’ போட்டும் இன்னொரு வாக்கியத்தில் ‘ஆர்’ போட்டும் எழுத வேண்டும், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். நோன்புக் கஞ்சியும் வடையும், பிரியாணியும் தால்ச்சாவும் என்று இரண்டை இப்போதே நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், அவற்றை யாரும் எழுதக் கூடாது. வஸ்ஸலாம்.